மூன்றே நிமிடத்தில் காலைச் சாப்பாடு! திருகோணமலைத் தம்ளருக்குள் இத்தனை அதிசயமா?

காலை ஏழரைக்குப் பள்ளிக்கூட மணி அடித்துவிடும். இடியப்பம் அவிக்க நேரமில்லை. பாண் வாங்க பேக்கரிக்கு ஓடவும் நேரமில்லை. மேசையில் இரண்டு வாழைப்பழம், குளிர்சாதனப் பெட்டியில் அரைச் சட்டி எருமைத் தயிர். பிளெண்டரில் போட்டு ஒரு சுற்று… காலைச் சாப்பாடு தம்ளரில் தயார்! பெரிய ஹோட்டல்கள் நீளக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, விளிம்பில் அன்னாசித் துண்டு செருகி, 'ஸ்மூதி' என்று பெயர் சூட்டிக் காசு வாங்குவது இதற்குத்தான். இதில் வியக்க என்ன இருக்கிறது என்கிறீர்களா? போர்க்கப்பல் இருக்கிறது! கதிரியக்கம் இருக்கிறது! டிஎன்ஏ இருக்கிறது! யானையும் கரடியும்கூட இருக்கின்றன! நம்ப முடியவில்லையா? மேலே வாசியுங்கள்!

வாழைப்பழத்துக்குள் அணுச் சிதைவா?

ஆம்! வாழைப்பழம் என்றால் பொட்டாசியம். அந்தப் பொட்டாசியத்தில் பத்தாயிரத்தில் ஏறத்தாழ ஒரு பங்கு, பொட்டாசியம் 40 என்ற கதிரியக்க வகை. நடுத்தர அளவுப் பழம் ஒன்றில் ஒவ்வொரு வினாடியும் சுமார் 13 அணுக்கள் சிதைகின்றன! பயந்து பழத்தைக் கீழே வைத்துவிட்டீர்களா? பொறுங்கள். வளர்ந்த மனித உடம்பில் இதே பொட்டாசியத்தால் வினாடிக்கு 4,000 அணுக்களுக்கும் மேல் சிதைந்துகொண்டிருக்கின்றன. பழத்தைவிட நீங்கள்தான் பல மடங்கு கதிரியக்கம் உள்ளவர்!

தாவரவியல் கணக்கில் வாழைப்பழம் ஒரு 'பெரி' வகைக் கனி. பப்பாசியும் அப்படியே. வத்தகப்பழமும் அப்படியே! பெயரிலேயே 'பெரி'யை வைத்துக்கொண்டிருக்கும் ஸ்ட்ராபெரி மட்டும் பெரி இல்லை! இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

பசு மஞ்சள், எருமை வெள்ளை!

கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து எருமைத் தயிரின் பெயர் மாவட்டம் தாண்டியும் தெரியும். ஆனால் எருமைப் பால் பசுப்பாலைவிட வெள்ளையாக இருப்பது ஏன் தெரியுமா? புல்லில் பீட்டா கரோட்டின் என்ற மஞ்சள் நிறமி உண்டு. பசு அதில் ஒரு பங்கை அப்படியே பாலுக்குள் விட்டுவிடும். அதனால் பசுப்பாலில் மெல்லிய மஞ்சள். எருமையோ அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிய பிறகுதான் பாலுக்கு அனுப்பும்! அதனால் பால் பளிச்சென்று வெள்ளை.

கொழுப்போ பசுப்பாலைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு, 7 முதல் 8 சதவீதம்! சட்டியைக் கவிழ்த்தாலும் விழாமல் தயிர் ஒட்டிக்கொண்டு நிற்பதன் இரகசியத்தில் பாதி அது. மீதிப் பாதி மண் சட்டியில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே சட்டி தண்ணீரை மெல்ல மெல்ல உறிஞ்சி வெளியே விடுகிறது, தயிர் இறுகிக்கொண்டே போகிறது!

ஸ்மூதிக்கு இந்தத் தயிரை அப்படியே போட்டால் பிளெண்டர் திணறும். இரண்டு அகப்பை தயிருக்கு அரைத் தம்ளர் குளிர்ந்த தண்ணீர், இரண்டு கதலிப்பழம், ஒரு தேக்கரண்டி கித்துள் பாணி. அவ்வளவுதான்! ஏலக்காய்த் தூள் ஒரு சிட்டிகை தூவினால் வீட்டில் யாரும் இரண்டாவது தம்ளர் கேட்காமல் இருக்கமாட்டார்கள்.

ஒருகாலத்தில் கிண்ணியாவிலிருந்து திருகோணமலை நகருக்கு வர இழுவைப் படகுக்குக் காத்திருக்க வேண்டும். 2009 ஒக்டோபரில் திறந்த கிண்ணியாப் பாலத்தின் நீளம் தெரியுமா? 396 மீற்றர்! இப்போது தயிர்ச் சட்டிகள் அதன் மேலேதான் வருகின்றன.

எலுமிச்சைச் சாறு குடித்த கப்பல்!

இது கொஞ்சம் நீளமான கதை. நீளமாகச் சொல்லவேண்டிய கதையும்கூட!

பழைய பாய்மரக் கப்பல்களில் பீரங்கியைவிட அதிகம் பேரைக் கொன்றது எது தெரியுமா? ஸ்கர்வி! பழமும் காய்கறியும் இல்லாமல் மாதக்கணக்கில் உப்பிட்ட இறைச்சியும் காய்ந்த பிஸ்கட்டும் தின்றால் வரும் நோய். முரசு வீங்கும், பல் கழன்று விழும், என்றோ ஆறிய பழைய காயம்கூட மீண்டும் திறக்கும்! 1500-க்கும் 1800-க்கும் இடையில் இருபது இலட்சம் மாலுமிகளை இது விழுங்கியிருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள்.

1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் வைத்தியர், சாலிஸ்பரி என்ற கப்பலில் 12 நோயாளிகளை இருவர் இருவராகப் பிரித்தார். ஒரு சோடிக்கு வினாகிரி. ஒரு சோடிக்குக் கடல் தண்ணீர்! ஒரு சோடிக்கு உள்ளியும் கடுகும் சேர்த்த உருண்டை. இன்னொரு சோடிக்கு நாள்தோறும் இரண்டு தோடம்பழமும் ஓர் எலுமிச்சையும். ஆறே நாளில் பழம் தீர்ந்துபோனது. ஆனால் அந்த ஆறு நாளிலேயே பழம் தின்ற ஒருவர் வேலைக்கு எழுந்து போய்விட்டார்! கடல் தண்ணீர் குடித்தவர்களின் நிலையை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகு பிரித்தானியக் கடற்படை உடனே எலுமிச்சை வாங்கியிருக்கும் என்று நினைக்கிறீர்களா? இல்லை! கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு ஓடியது!

1794-இல்தான் சஃபோக் என்ற 74 பீரங்கிக் கப்பல் இங்கிலாந்திலிருந்து சென்னைக்குப் புறப்பட்டது. தலைவர் பீட்டர் ரெய்னியர். மாலுமி ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் ஓர் அவுன்ஸில் மூன்றில் இரண்டு பங்கு எலுமிச்சைச் சாறு. அதாவது சுமார் 20 மில்லிலீற்றர்! இரண்டு அவுன்ஸ் சீனி. இரண்டையும் தண்ணீர் கலந்த ரம்மில் கலக்கிக் கொடுத்தார்கள். 23 வாரப் பயணம், நடுவில் எந்தக் கரையையும் தொடவில்லை! சென்னையில் நங்கூரம் போட்டபோது கப்பலில் ஸ்கர்வியின் பெருந்தாக்குதல் எதுவுமே இல்லை!

அடுத்து அந்தக் கப்பல் எங்கே வந்தது தெரியுமா? திருகோணமலைக்கு! 1795 ஓகஸ்டில் ஒல்லாந்தரிடமிருந்து கோட்டையைப் பிடித்த பிரித்தானியப் படையோடு ரெய்னியர் வந்து இறங்கியது இதே சஃபோக்கில்தான்! கோணேசர் மலையடியில் நிற்கும் கோட்டை கைமாறியதில் பீரங்கிக்கு எவ்வளவு பங்கு, எலுமிச்சைச் சாற்றுக்கு எவ்வளவு பங்கு? வரலாற்று ஆசிரியர்கள் என்ன சொன்னாலும் சரி, நான் எலுமிச்சையின் பக்கம்!

இன்னும் வியப்பு வேண்டுமா? அந்த 20 மில்லிலீற்றரில் இருந்த வைட்டமின் சி வெறும் 10 மில்லிகிராம்தான்! உயிர் காக்க அதுவே போதுமாக இருந்தது. ஆனால் கூடவே கொடுத்த சீனி சுமார் 57 கிராம், ஏறத்தாழ 14 தேக்கரண்டி! இன்றைய வைத்தியர் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

ஒரு கொய்யாப்பழம், 22 நாள் ரேஷன்!

தோடம்பழத்தை வைட்டமின் சியின் அரசன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? 100 கிராம் தோடம்பழத்தில் சுமார் 53 மில்லிகிராம். அதே 100 கிராம் கொய்யாவில்? 228 மில்லிகிராம்! நான்கு மடங்குக்கும் மேல்! சஃபோக் மாலுமி ஒருவரின் 22 நாள் ரேஷன் ஒரு கொய்யாப்பழத்துக்குள் அடங்கிவிடுகிறது! வேலியோரம் காய்த்து, அணில் கடித்து, கவனிப்பாரில்லாமல் விழுந்து கிடக்கிறதே, அதே கொய்யாதான்.

கொய்யா, ஒரு துண்டு இஞ்சி, அரைத் தேசிக்காய்ச் சாறு, ஒரு தம்ளர் இளநீர். அடித்த பிறகு வடிகட்ட மறக்காதீர்கள், விதை பல்லிடுக்கில் புகுந்தால் அன்று முழுக்க நிம்மதி இல்லை!

கைதியும் பலாப்பழமும்!

1660. கொட்டியாரக் குடாவில் புயலில் பாய்மரம் முறிந்த கப்பல் ஒன்று ஒதுங்குகிறது. அதில் 19 வயது ரொபேர்ட் நொக்ஸ். மூதூர்ப் பக்கம் கரை இறங்கியவர்களைக் கண்டி மன்னனின் ஆட்கள் சிறைப்பிடித்தார்கள். எத்தனை ஆண்டு தெரியுமா? 19 ஆண்டுக்கும் மேல்! தப்பி ஓடி ஊர் சேர்ந்த பிறகு 1681-இல் இலண்டனில் அவர் வெளியிட்ட புத்தகத்தில் இலங்கையின் பழங்களுக்கும் மரங்களுக்கும் என்றே தனி அத்தியாயம்! பலாப்பழம் இந்த மக்களுக்கு எவ்வளவு பெரிய ஆதரவு என்று வியந்து எழுதியிருக்கிறார். வியக்கமாட்டாரா? மரத்தில் காய்க்கும் பழங்களில் உலகிலேயே பெரியது அது. ஒரு பழம் 40 கிலோவைத் தாண்டுவதும் உண்டு!

நன்கு கனிந்த கூழன் பலாவை அடிக்கப் பிளெண்டரே தேவையில்லை, கையால் பிசைந்தாலே போதும். வருக்கனைத்தான் அடிக்கவேண்டும். தேங்காய்ப்பாலோடு!

மேளக்காரர் தந்த மெஷின்!

பிளெண்டரை உலகெங்கும் பரப்பியவர் யார் தெரியுமா? ஒரு பாண்ட் வாத்தியக் குழுத் தலைவர்! 1922-இல் ஸ்டீபன் பொப்லாவ்ஸ்கி என்பவர் மால்ட் பால் கலக்கக் குவளையின் அடியில் சுழலும் கத்தி வைத்தார். அமெரிக்க வானொலியைக் கலக்கிக்கொண்டிருந்த அந்தக் குழுத் தலைவர் பிரெட் வேரிங், பிரெட் ஒசியஸ் என்ற கண்டுபிடிப்பாளரின் கருவிக்குப் பணம் போட்டு 1937-இல் சந்தைக்குக் கொண்டுவந்தார். விலை 29.75 டொலர். கச்சேரிக்குப் போகும் இடமெல்லாம் மெஷினையும் தூக்கிக்கொண்டு போனார். 1954-க்குள் பத்து இலட்சம் விற்றுவிட்டன!

கதை இங்கே முடியவில்லை! 1952-இல் ஆல்பிரட் ஹெர்ஷியும் மார்த்தா சேஸும் இதே வேரிங் பிளெண்டருக்குள் எதைப் போட்டுச் சுற்றினார்கள் தெரியுமா? பக்டீரியாவையும் அதில் ஒட்டிக்கொண்டிருந்த வைரஸையும்! சுற்றிய சுற்றில் வைரஸின் கூடு கழன்று விழ, உள்ளே போயிருந்தது டிஎன்ஏ என்று தெரிந்தது. பரம்பரைக் குணத்தைக் கடத்துவது புரதம் அல்ல, டிஎன்ஏதான்! சமையலறைச் சாமான் தந்த சாட்சி! ஹெர்ஷி 1969-இல் நோபல் பரிசு பெற்றார். சேஸுக்குக் கிடைக்கவில்லை. பிளெண்டருக்கும்தான்!

நம் ஊர் மிக்சிக்கும் ஒரு வீட்டுக் கதை உண்டு. 1960-களின் தொடக்கத்தில் இந்தியாவில் சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற பொறியாளரின் மனைவி மாதுரி வைத்திருந்த ஜெர்மன் மிக்சி, நம் சமையலின் சுமை தாங்காமல் எரிந்துபோனது. அதைப் பார்த்த மாத்தூர் உருவாக்கியதுதான் 'சுமீத்'!

கரண்ட் இல்லாவிட்டால்?

2022 மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் மின்வெட்டு என்று நினைவிருக்கிறதா? 13 மணி நேரம்! பிளெண்டர்கள் எல்லாம் அலங்காரப் பொருளாக நின்றன. அப்போது கைகொடுத்தது எது? மத்து! நன்கு கனிந்த வாழைப்பழமோ பப்பாசியோ தயிரோடு சேர்த்து மத்தால் கடைந்தால் ஸ்மூதிதான். கொஞ்சம் கட்டி இருக்கும். இருக்கட்டுமே!

ஐயோ, கசக்கிறதே!

பப்பாசியைப் பாலோடு அடித்து, 'அப்புறம் குடிக்கலாம்' என்று மூடி வைத்திருக்கிறீர்களா? திரும்பி வந்து பார்த்தால் கசப்பு! ஏன் தெரியுமா? பப்பாசியில் பப்பெயின் என்ற நொதி இருக்கிறது. அது புரதத்தை வெட்டும். இறைச்சியை மெதுவாக்கப் பப்பாசிக்காய் போடுகிறோமே, அதே வேலையைப் பால் புரதத்திலும் காட்டிவிடும்! வெட்டுப்பட்ட துண்டுகள்தான் கசக்கின்றன. அன்னாசியில் இருக்கும் புரோமெலெய்னும் இப்படித்தான். அன்னாசி தின்றால் நாக்கு ஊறல் எடுக்கிறதே, அதில் அந்த நொதிக்கும் பங்கு உண்டு. நீங்கள் அன்னாசியைத் தின்னும்போது அன்னாசி உங்களைக் கொஞ்சம் தின்கிறது!

வழி? பப்பாசியும் அன்னாசியும் பாலோடு, தயிரோடு சேர்ந்தால் உடனே குடித்துவிடுங்கள். இல்லையென்றால் பாலை விட்டுவிட்டுத் தோடம்பழச் சாற்றிலோ இளநீரிலோ அடியுங்கள், கசக்காது!

84 சதவீதம் காணாமல் போனது!

2023-இல் வந்த ஆய்வு. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து செய்தது. பெரிப் பழங்களிலும் திராட்சையிலும் கொக்கோவிலும் பிளவனோல் என்ற இதயத்துக்கு நல்ல சத்து உண்டு. வாழைப்பழம் சேர்த்து அடித்த ஸ்மூதியைக் குடித்தவர்களின் உடம்பில், கப்சூலாக விழுங்கியபோது ஏறியதைவிட எவ்வளவு குறைவாக ஏறியது தெரியுமா? 84 சதவீதம் குறைவு! குற்றவாளி, வெட்டிய வாழைப்பழத்தைக் கறுக்க வைக்கும் அதே நொதி! வாழைப்பழம் கெட்டது என்று அர்த்தமில்லை. திராட்சையை அதோடு சேர்க்காதீர்கள், அவ்வளவுதான். வாழைப்பழத்தோடு மாம்பழம், அன்னாசி, தோடம்பழம் என்றால் கவலையில்லை!

யானை கண்ட பழம்!

விளாம்பழம் பழுத்துவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஓர் அடி உயரத்திலிருந்து தரையில் போடுங்கள். துள்ளினால் காய். துள்ளாமல் 'தொப்' என்றால் பழம்! ஓடு அவ்வளவு கடினம். யானை முழுதாக விழுங்கினால் ஓடு உடையாமலே வெளியே வரும், உள்ளே சதை மட்டும் இருக்காது என்பது நம் முன்னோர் சொல்லிவைத்த ஆச்சரியம். பிள்ளையாருக்கு விளாம்பழம் படைப்பது சும்மாவா?

இந்தக் கரடுமுரடுப் பழத்தின் சொந்தக்காரர் யார் தெரியுமா? தேசிக்காய்! தோடம்பழம்! எல்லாம் ஒரே குடும்பம்! ஆனால் லிமோனியா என்ற அதன் பேரினத்தில் விளா மட்டும் தன்னந்தனி. வேறு இனமே இல்லை!

சதையைத் தோண்டி எடுத்து, தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்து, பனங்கட்டியோ கித்துள் பாணியோ சேர்த்து வடித்தால் அதுதான் சிங்கள வீடுகளின் 'திவுல் கிரி'. பார்க்க அழகில்லை, ஒப்புக்கொள்கிறேன். சேற்று நிறம். ஆனால் ஒரு மிடறு போதும்! இந்தத் தீவின் தலைசிறந்த ஸ்மூதி இதுதான் என்று அடித்துச் சொல்வேன். ஹோட்டல்காரர்கள் கிவியை வைத்துக்கொள்ளட்டும்.

உதட்டில் ஒட்டும் பாலைப்பழம், சுவிங்கத்தின் உறவு!

கச்சான் காற்று அனலாக வீசும் நாட்களில் காட்டுப் பக்கத்திலிருந்து மஞ்சள் முத்துகளாக வந்து இறங்கும் பாலைப்பழம். தின்றவுடன் உதடும் உதடும் ஒட்டிக்கொள்ளும்! ஏன் தெரியுமா? பழத்திலிருக்கும் பால். இதே மணில்காரா பேரினத்தைச் சேர்ந்த சப்போட்டா மரத்தின் பாலைக் காய்ச்சித்தான் மத்திய அமெரிக்காவில் சுவிங்கம் செய்தார்கள்! பாலைப்பழம் என்றால் கரடிக்கும் உயிர். பழக்காலத்தில் மரத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிடும்! விதையை எடுத்துவிட்டுப் பாலோடு அடித்துப் பாருங்கள், சீனி கேட்கவே கேட்காது.

மாம்பழமும் கஜுவும் ஒரே குடும்பம் என்று தெரியுமா? மாம்பழ ஸ்மூதியில் ஊறவைத்த கஜு பத்துப் போட்டு அடித்தால் அது சொந்தக்காரர் கூடிய கல்யாண வீடு! இலங்கைத் தமிழர்களிடம் எந்த மாம்பழம் என்று கேட்காதீர்கள். கறுத்தக்கொழும்பானா, விலாட்டா, அம்பலவியா என்று சண்டை தொடங்கினால் பழம் அழுகும்வரை முடியாது.

வத்தகப்பழத்தை முழுதாகக் குளிர்சாதனப் பெட்டிக்குள் திணிப்பவரா நீங்கள்? வெளியே வையுங்கள்! வெட்டாத வத்தகப்பழத்தை 21 பாகை செல்சியஸில் இரண்டு வாரம் வைத்துப் பார்த்த அமெரிக்க வேளாண் ஆய்வாளர்கள், அதன் சிவப்புச் சத்தான லைக்கோபீன் 40 சதவீதம் வரை கூடியதைக் கண்டார்கள். பறித்த பின்பும் பழம் வேலை செய்துகொண்டே இருக்கிறது!

மலைநாட்டிலிருந்து வரும் அவகாடோவின் பூ இரண்டு முறை மலரும் என்பது தெரியுமா? முதல்முறை பெண்ணாக! மூடிக்கொண்டு மறுநாள் மீண்டும் மலரும்போது ஆணாக! உலகின் பல பகுதிகளில் இதை உப்பும் மிளகும் போட்டுத் தின்கிறார்கள். நாமோ பாலும் சீனியும் விட்டுப் பிசைந்து தின்கிறோம். காலைத் தம்ளருக்கு இது ஒன்றே போதும், மதியம்வரை பசி எட்டிப் பார்க்காது!

ஐஸ் எங்கிருந்து வந்தது தெரியுமா?

1833. அமெரிக்காவின் பொஸ்டனில் உறைந்த ஏரியை வெட்டி 180 தொன் ஐஸைக் கப்பலில் ஏற்றினார்கள். நான்கு மாதப் பயணம். நிலநடுக்கோட்டை இரண்டு முறை தாண்டியாகவேண்டும்! கல்கத்தாவில் இறக்கியபோது மிச்சம் எவ்வளவு? ஏறத்தாழ 100 தொன்! சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கும் கட்டடம் 1842-இல் கட்டப்பட்டது எதற்கு? அமெரிக்க ஐஸைச் சேமித்து வைக்க!

நமக்கு ஐஸே வேண்டாம். ஐஸ் போட்டால் ஸ்மூதி தண்ணீராகிவிடும். இரவே வாழைப்பழத்தை உரித்து, துண்டாக்கி உறைய வையுங்கள். காலையில் அடித்தால் ஐஸ்கிறீம் போலக் கட்டியாக வரும்! பிளெண்டரில் போடும் வரிசையும் முக்கியம். முதலில் தண்ணீரோ பாலோ, பிறகு மெதுவான பழம், மேலே உறைந்த துண்டு. தலைகீழாகப் போட்டால் கத்தி வெறுமனே காற்றில் சுற்றும்.

அவசரமாக உறிஞ்சி நெற்றிப்பொட்டில் 'சுரீர்' என்று வலித்திருக்கிறதா? அதன் வைத்தியப் பெயரைச் சொல்கிறேன், மூச்சை இழுத்துக்கொள்ளுங்கள்: ஸ்பீனோபாலட்டைன் காங்லியோநியூரால்ஜியா! பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் வலியே போய்விடும்!

இளநீரை நரம்பில் ஏற்றினார்களா?

ஏற்றினார்கள்! சொலமன் தீவுகளில் ஒரு நோயாளிக்குச் சில காலம் இளநீரையே ஊசி வழியாக ஏற்றிய செய்தியை 2000-இல் அமெரிக்க அவசர மருத்துவ இதழ் ஒன்று வெளியிட்டது. வேறு வழியில்லாத இடத்தில் வைத்தியர்கள் செய்தது அது, நாம் வாயாலேயே குடிப்போம்! ஒரு பெரிய தம்ளர் இளநீரில் ஒரு வாழைப்பழத்தைவிட அதிகப் பொட்டாசியம் இருக்கும். பலுடாவில் மிதக்கும் கசகசாவை ஒரு தேக்கரண்டி போட்டுப் பாருங்கள். சில நிமிடத்தில் ஒவ்வொரு விதையும் தன்னைச் சுற்றி ஒரு கண்ணாடிக் குமிழ் கட்டிக்கொள்ளும்!

சிவப்பா, மஞ்சளா, பச்சையா?

2016 ஓகஸ்டிலிருந்து இலங்கையில் குளிர்பானப் போத்தல்களில் நிற அடையாளம் வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு. 2 கிராமுக்குக் கீழ் என்றால் பச்சை. இடையில் மஞ்சள். நம் பழங்களை அந்தத் தராசில் வைப்போமா? 100 கிராம் மாம்பழத்தில் ஏறத்தாழ 14 கிராம் சீனி. சிவப்பு! வாழைப்பழம் 12. சிவப்பு! பப்பாசி 8, வத்தகப்பழம் 6. மஞ்சள். அவகாடோ? ஒரு கிராம்கூட இல்லை. பச்சை!

அதிர்ச்சியா? பாதி மாம்பழம், பாதி சீனி சேர்க்காத தயிர் என்று அடித்தால் 9 கிராமுக்கு இறங்கிவிடும். மேலே சீனி போடுவதுதான் வினை. பிரித்தானிய சுகாதாரத் துறை சாறும் ஸ்மூதியும் சேர்த்து ஒரு நாளைக்கு 150 மில்லிலீற்றருக்குள் நிறுத்தச் சொல்கிறது. ஒரு சின்னத் தம்ளர்! அரைக்கும்போது பழத்தின் சீனி வெளியே வந்து பல்லில் நேரே படும் என்பதால்தான் இந்தக் கட்டுப்பாடு.

ஓர் எச்சரிக்கை, இதை மட்டும் சிரிக்காமல் வாசியுங்கள். குறுக்கே வெட்டினால் ஐந்து முனை நட்சத்திரமாக விழுமே, அந்த நட்சத்திரப்பழம் சிறுநீரக நோயாளிகளுக்கு நஞ்சு! விக்கலில் தொடங்கி மயக்கம், வலிப்பு, மரணம் வரை போகலாம். அதிலுள்ள காரம்பொக்சின் என்ற நரம்பு நஞ்சை 2013-இல் அடையாளம் கண்டார்கள். சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர் வீட்டில் இருந்தால் அந்தப் பழம் பிளெண்டர் பக்கமே வரக்கூடாது. வாழைப்பழத்தையும் இளநீரையும்கூட வைத்தியரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

பச்சை ஸ்மூதி நேற்று வந்ததா?

வெளிநாட்டுக்காரர்கள் கீரையை அடித்துக் குடித்துவிட்டுப் புதுமை என்கிறார்கள். நம் இலைக்கஞ்சியை அவர்கள் பார்த்ததில்லை! வல்லாரையோ சாத்தாவாரியோ இடித்துப் பிழிந்த சாறு, குழைந்த சோறு, தேங்காய்ப்பால். சூடாக ஒரு கோப்பை, கையில் ஒரு துண்டுக் கருப்பட்டி. காலைச் சாப்பாடு முடிந்தது!

பழத்தைப் பிசைந்து கலப்பதில் நம்மை யார் மிஞ்சுவது? பழனிப் பஞ்சாமிர்தத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கிடையாது. மலை வாழைப்பழம், சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய்! 2019-இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. ஆனால் காலைச் சாப்பாடாகத் தம்ளர் கணக்கில் சாப்பிட ஆசைப்படாதீர்கள், சிவப்பு அடையாளமே வெட்கப்படும்!

கடைசியாக ஒரு கணக்கு!

திருகோணமலையின் சீனக்குடாவில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் இன்னும் எத்தனை நிற்கின்றன தெரியுமா? 99! ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளும். ஒரு தாங்கியை ஸ்மூதியால் நிரப்பினால், 200 மில்லிலீற்றர் தம்ளரில் எத்தனை தம்ளர்? ஆறு கோடி! இலங்கையில் இருப்பவர்கள் சுமார் 2.2 கோடிப் பேர். பிறந்த குழந்தைக்கும் சேர்த்து ஆளுக்கு இரண்டரைத் தம்ளர் ஊற்றிய பிறகும் மிஞ்சும்! அதுவும் ஒரே ஒரு தாங்கி! உரித்த தோலையெல்லாம் தின்று தீர்க்க நகருக்குள் திரியும் புள்ளிமான்கள் போதாது என்பது வேறு விஷயம்.

தாங்கியைக் கழுவுவது யார் என்று என்னைக் கேட்காதீர்கள்! உங்கள் பிளெண்டரை மட்டும் குடித்த கையோடு கழுவிவிடுங்கள். பாதிக்குத் தண்ணீர், ஒரு சொட்டுச் சவர்க்காரம், மூடியைப் போட்டு அரை நிமிடம் சுற்றுங்கள். தானே கழுவிக்கொள்ளும்!